சலவைக்கூடத்து வெள்ளைத் துணி

ஆஸ்பத்திரியில் பெயர், வயது, முகவரி எழுதிக்கொண்ட பிறகு ஒரு கேள்வி கேட்பார்கள்: என்ன வேலை பார்த்தீர்கள்? அந்தக் கேள்விக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லியிருந்தால் ஐந்து வாரம் மிச்சமாகியிருக்கும். "வெளிநாட்டுல கம்பெனி வேலை" என்றேன். பொய் இல்லை. ஆனால் ஒரு பொய் என்ன செய்யுமோ அதைக் கச்சிதமாகச் செய்துவிட்டது.

இப்போது நன்றாக இருக்கிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மந்தைவெளியில் எங்கள் வீடு இரண்டாவது மாடி. நடுவில் ஒரே ஒரு தடவை நின்று, முதல் மாடிக்காரர்கள் என்ன குழம்பு வைக்கிறார்கள் என்று மோப்பம் பிடித்துவிட்டு ஏறிவிடுகிறேன். போன ஐப்பசியில் அதே படிகளை நான்கு இடத்தில் உட்கார்ந்து ஏறினேன். மூச்சை இழுத்தால் வலது விலாவுக்குள் சுருக்கென்று பிடிக்கும். சளி இல்லாத வறட்டு இருமல். இடது பக்கம் திரும்பிப் படுத்தால் மூச்சு முட்டும்.

என் மனைவி கஸ்தூரி தெருமுனை வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி வைத்திருக்கிறாள். எதிர் அபார்ட்மெண்ட் சட்டைகளெல்லாம் அவள் கைக்கு வந்துவிட்டுத்தான் ஆபீஸ் போகின்றன. ஒருநாள் பால் பாக்கெட்டோடு நான் மெல்ல வருவதைப் பார்த்து இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"இன்னாயா, ஒரு பால் பாக்கெட்டு வாங்கியார அரை மணி நேரமா? யாராண்ட கதை வுட்டுக்கினு வர?"

"வழில ரெண்டு வாட்டி உக்காந்து வந்தேன்."

"நீயா?" என்றாள். அதற்கு மேல் திட்டவில்லை. அவள் திட்டாமல் விட்டதுதான் எனக்கு முதல் பயம்.

தெருவிலேயே இருக்கும் டாக்டர் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தில் இடது நுரையீரல் கறுப்பாக இருந்தது, அப்படித்தான் இருக்க வேண்டுமாம். வலது பக்கம் பாதிக்கு மேல் வெள்ளை. நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய சவ்வுகள் இருக்கின்றன, நடுவே வழுக்குவதற்கு ஒரு ஸ்பூன் அளவு ஈரம் இருந்தால் போதும், உங்களுக்கு ஒரு லிட்டருக்கு மேல் நீர் கோத்திருக்கிறது என்றார். முதுகில் மரத்துப்போக ஊசி போட்டு, இன்னொரு பெரிய ஊசியால் அதை உறிஞ்சி எடுத்தார்கள். பாட்டிலில் வந்தது நன்னாரி சர்பத் நிறம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நன்னாரி சர்பத் கிடையாது.

அந்த நீரில் காசநோய்க் கிருமி தெரியவில்லை. வேறு ஒரு சோதனை, இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்று நடுவில் நின்றது. நம் ஊரில் இப்படி நீர் கோத்தால் முதலில் சந்தேகப்படுவது காசநோயைத்தான். மாத்திரை ஆரம்பித்தார்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனது, வாய் கசந்தது, ஐந்து வாரம் தவறாமல் விழுங்கினேன். நீர் மறுபடி அதே இடத்தில் வந்து நின்றது. அந்த டாக்டரை யாரும் குறை சொல்லக் கூடாது. அவருக்குத் தெரிய வேண்டிய ஒரு விஷயம் என் வாய்க்குள் இருந்தது.

அது என்ன என்று இப்போது சொல்கிறேன்.

வளைகுடாப் பக்கம் ஒரு நாட்டின் கரையில், வேறொரு நாட்டுக்காரர்களின் கடற்படைத் தளம். எந்தக் கரை, யாருடைய தளம் என்று எழுதக் கை இன்னும் கூசுகிறது, மன்னிக்க வேண்டும். தளம் என்றதும் எல்லோரும் போர்க்கப்பலை நினைப்பார்கள். கப்பல் வந்து நிற்பது ஒரு ஓரத்தில்தான். மீதி இடம் முழுக்க அந்தக் கப்பல்காரர்களுக்குச் சோறு போடுவதற்கும் துணி துவைப்பதற்கும். கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம், ரொட்டிக் கூடம், இறைச்சிக்குக் குளிர்கிடங்கு, எண்ணெய்த் தொட்டிகள், முப்பது கட்டில் போட்ட சின்ன ஆஸ்பத்திரி, சலவைக்கூடம். துப்பாக்கி பிடித்தவர்களைவிடக் கரண்டியும் துடைப்பமும் ஸ்பானரும் பிடித்தவர்கள் அங்கே அதிகம். நான் சலவைக்கூடத்துக் கொதிகலன் ஆள். நீராவி தயாரித்துக் குழாய் வழியாக இயந்திரங்களுக்கு அனுப்புவது என் வேலை.

முதல் நாளே எங்களை ஒரு கொட்டகையில் உட்காரவைத்து ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். உள்ளே பார்த்ததை வெளியே சொல்லக் கூடாது. கட்டடம், கப்பல், வேலை எதையும். சலவைக்கூடத்தில் என்ன ரகசியம் என்று நாங்கள் சிரித்தோம். சிரித்தவர்களில் ஒருவன் வீட்டுக்குக் கடிதம் எழுதும்போது, இந்த வாரம் வழக்கத்தைவிட மூன்று மடங்கு போர்வை துவைத்தோம், இடுப்பு ஒடிந்துவிட்டது என்று எழுதினான். அடுத்த விமானத்தில் அவனை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். மேஸ்திரி பிறகு விளக்கினார்: போர்வையை எண்ணினால் ஆளை எண்ணலாம். எத்தனை பேர் வந்து இறங்கியிருக்கிறார்கள் என்பது சலவைக்காரனுக்குத்தான் முதலில் தெரியும். அன்றோடு எங்கள் கொட்டகையில் யாரும் சிரிக்கவில்லை. கடிதங்களை ஒட்டாமல் கொடுக்க வேண்டும். ஆபீஸில் படித்து, பிடிக்காத வரிகளைக் கறுப்பு மையால் அடித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள்.

நான் போன மூன்றாம் வருடம் பக்கத்து நாட்டில் சண்டை மூண்டது. சலவைக்கூடம் நிற்காமல் ஓடியது. நீராவிக் குழாய்களைச் சுற்றிச் சூடு போகாமலிருக்க வெள்ளையாக ஒரு பஞ்சும், அதன் மேல் கனமான வெள்ளைத் துணியும் சுற்றியிருப்பார்கள். பழைய சுற்று, இயந்திர அதிர்வில் உதிர்ந்துகொண்டே இருந்தது. கொதிகலனை நிறுத்த முடியாது, ஓடும்போதே கிழித்து எறிந்துவிட்டுப் புதிதாகச் சுற்று என்றார்கள். ரம்பத்தால் அறுப்போம், கையால் பிய்ப்போம். மிச்சத்தைக் கோணியில் அடைத்து மெத்தை மாதிரி போட்டு உட்கார்ந்துதான் சாப்பிடுவோம். அடையாறு பக்கம் ஊரூர் ஒல்காட் மீனவர் குப்பத்துப் பன்னீர் என் கூட வேலை பார்த்தவன். அவன் பிய்த்த பஞ்சை அள்ளி என் தலையில் போட்டு விளையாடுவான்.

ஊருக்குப் போகிறவர்கள் அந்தத் துணியில் ஒரு சுருள் கொண்டுபோவது எங்களிடையே வழக்கம். நெருப்பில் எரியாத துணி வேறு எங்கே கிடைக்கும்? வாசல் காவலாளி பெட்டியைக் குடைந்து எழுதிய காகிதம் ஏதாவது இருக்கிறதா என்று தேடுவான். துணியைத் தட்டிக்கொடுத்துத் திரும்ப மடித்து வைப்பான். கஸ்தூரி இஸ்திரி வண்டி போட்டபோது, சூடு பலகையைக் கருக்காமல் இருக்க அதைத்தான் அடியில் விரித்து, மேலே கம்பளிகள் போட்டுக் கொடுத்தேன். எங்கிருந்து கொண்டுவந்தேன் என்று அவளிடம்கூடச் சொல்லவில்லை. கம்பெனியில் கொடுத்தார்கள் என்றேன்.

காசநோய் மாத்திரை பலிக்காமல் போனதும் என்னை அடையாறில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே நுரையீரல் டாக்டர் ஒரு பெண், பெயர் வசந்தி. என் மகள் மீனாவைவிட நாலைந்து வயதுதான் மூத்தவராக இருப்பார். சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். உடம்பைக் கத்திரிக்காய் வில்லை போடுவது மாதிரி துண்டு துண்டாகப் படம் பிடிக்கும் கருவி அது. படத்தைத் திரையில் போட்டு, விலாவை ஒட்டி அங்கங்கே தெரிந்த வெள்ளைத் திட்டுகளை டாக்டர் பேனாவால் காட்டினார்.

"ஐயா, இது சவ்வுல சுண்ணாம்பு படிஞ்ச தழும்பு. சும்மா வராது. கல்நார்த் தூசில, அதாவது ஆஸ்பெஸ்டாஸ்ல, வேலை பார்த்தவங்களுக்குத்தான் பெரும்பாலும் வரும். கொதிகலன், கப்பல் பட்டறை, அந்த மாதிரி எங்கயாவது வேலை செஞ்சீங்களா?"

கொட்டகை, காகிதம், போர்வையை எண்ணியவன் போன விமானம் எல்லாம் என் கண்முன் வந்து நின்றன.

"இல்லீங்க. கம்பெனி வேலை" என்றேன். இது சுத்தப் பொய்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இது முக்கியம்."

"இல்லீங்க."

அதுவரை என் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு நின்ற கஸ்தூரி ஒரு அடி முன்னால் வந்தாள்.

"மேடம், அந்தக் கல்நாரு நெருப்புல எரியாதா?"

"எரியாதும்மா."

"வெள்ளையா, கோணி மாதிரி கனமா இருக்குமா? துணி கணக்கா நெய்திருப்பாங்களா?"

"ஆமா. ஏன்?"

"எங்களாண்ட கீது மேடம். இவரு ஃபாரின்ல இருந்து கொண்டாந்தாரு."

"கஸ்தூரி, சும்மா இரு" என்றேன். "அத்தெல்லாம் வெளிய சொல்லக்கூடாது. கையெழுத்துப் போட்டுக் குடுத்துக்கிறேன்."

அவள் என் பக்கம் திரும்பினாள். "போட்டது நீ. நான் ஒரு கையெழுத்தும் போடலயே?"

டாக்டர் சிரிக்கவில்லை. "அந்தத் துணி இப்ப எங்கம்மா இருக்கு?" என்றார்.

"என் இஸ்திரி வண்டிலதான். கம்பளிக்கு அடில. பதினேழு வருசமா."

டாக்டர் ஒரு புதுச் சீட்டை இழுத்து எழுத ஆரம்பித்தார். என் பெயர் எழுதவில்லை. "உங்களுக்கும் ஒரு எக்ஸ்ரே எடுத்துடலாம்மா, பயப்பட ஒண்ணுமில்ல" என்றார்.

அந்தச் சீட்டைப் பார்த்ததும் என் வாய் திறந்துகொண்டது. வெளியே எத்தனை நோயாளிகள் காத்திருந்தார்களோ, அவர்களிடம் இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கொதிகலன், குழாய், ரம்பம், கோணி மெத்தை, எத்தனை வருடம், தினம் எத்தனை மணி நேரம் எல்லாவற்றையும் கொட்டினேன். டாக்டர் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார். பிறகு பொறுமையாகச் சொன்னார். கல்நார்த் தூசி உள்ளே போனால் இருபது முப்பது வருடம் கழித்துக்கூட வேலையைக் காட்டும். சிலருக்கு வெறும் நீர் கோக்கும், தானாகவே வடியும். சிலருக்கு அந்தச் சவ்விலேயே புற்றுநோய் வரும். எது என்று சதையை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். மாத்திரை கொடுத்துக்கொண்டு இன்னும் காத்திருக்கக் கூடாது.

புற்றுநோய் என்ற சொல்லை என் விஷயத்தில் கேட்டபோது எனக்கு அவ்வளவாக உறைக்கவில்லை. கஸ்தூரி எக்ஸ்ரே அறைக்குள் போய்க் கதவு மூடியபோதுதான் உறைத்தது. நான் அவளுக்குக் கொண்டுவந்தது என்ன? சேலையும் சோப்பும் டேப் ரிக்கார்டரும் கொண்டுவந்தேன், கூடவே இதையும். மீனா வேலையிலிருந்து ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தி. நகரில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள், கடை யூனிஃபார்ம் சேலையோடு அப்படியே வந்திருந்தாள்.

"நைனா, நீ தெரிஞ்சா செஞ்சே? அழுவாத. எல்லாரும் பாக்குறாங்க."

"பாத்துக்கினு போவட்டும்" என்றேன். பொது இடத்தில் நான் அழுதது அன்று ஒருநாள்தான்.

கஸ்தூரியின் படம் சுத்தமாக இருந்தது. துணி கம்பளிகளுக்கு அடியில் அசையாமல் கிடந்ததும், வண்டி திறந்த வெளியில் நின்றதும் நல்லதாகப் போயிற்று என்றார் டாக்டர். வருடம் ஒரு தடவை பார்த்துக்கொண்டால் போதும். நான் டாக்டரின் காலில் விழப்போனேன். மூச்சு வாங்கியதால் பாதியிலேயே நின்றுவிட்டேன்.

மறுநாள் என்னைச் சேர்த்தார்கள். காப்பீட்டு அட்டை கைகொடுத்தது, மீதியை மீனா பார்த்துக்கொண்டாள். விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு சின்ன ஓட்டை போட்டு, கேமரா பொருத்திய குழாயை உள்ளே விட்டு, சவ்விலிருந்து அரிசி அளவு சதைத் துணுக்குகள் எடுத்தார்கள். பாதி மயக்கம்தான் கொடுத்தார்கள். யாரோ பக்கத்து அறையில் ஆணி அடிப்பது மாதிரி ஒரு உணர்வு, வலி இல்லை. விழித்தபோது விலாவிலிருந்து ஒரு குழாய் கட்டிலுக்குக் கீழே ஒரு பாட்டிலில் போய் முடிந்தது. பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் வைத்திருப்பார்கள். உள்ளேயிருந்து நீரும் காற்றும் வெளியே வரலாம், வெளிக்காற்று உள்ளே போகாது. நான் இருமினால் தண்ணீர் குமிழி விடும். கொதிகலன் ஆளுக்கு இதெல்லாம் தனியாக விளக்க வேண்டியதில்லை. நர்ஸ் பாட்டிலின் அளவைக் குறிக்க வருவதற்குள் நானே சொல்லிவிடுவேன்.

"தாத்தா, என் வேலைய நீங்களே பாத்துட்டா எனக்கு யாரு சம்பளம் குடுப்பாங்க?" என்பாள் அந்தப் பெண்.

படுத்துக்கொண்டு பார்த்தால் ஆஸ்பத்திரியும் தளம்தான். வாசலில் அனுமதிச் சீட்டு, கையில் பெயர்ப் பட்டை, மணி அடித்தால் சோறு, எங்கேயோ ஒரு கொதிகலன். காலையில் போர்வைகளை அள்ளிக்கொண்டு தள்ளுவண்டி போகும்போது என்னையறியாமல் எண்ணிக்கொண்டிருப்பேன். எங்கள் வார்டில் இன்றைக்கு இரண்டு பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்று நர்ஸுக்கு முன்னால் எனக்குத் தெரியும். தளத்தில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று யாரும் கேட்டதில்லை. இங்கே எல்லோரும் கேட்டார்கள்.

கஸ்தூரி வண்டியை மூடிவிட்டாள். எதிர் அபார்ட்மெண்டில் கசங்கிய சட்டையோடு ஆபீஸ் போனவர்கள் ஒருவரும் வேறு ஆளைத் தேடவில்லை. முதல் மாடியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற பாட்டு டீச்சர் மாமி தினமும் காலையில் ஒரு தூக்குப் பாத்திரத்தை அவள் கையில் திணிப்பார்களாம். "ஆத்துல இன்னிக்கு மிளகு ரசம் வெச்சேன்டி. சுடச்சுட எடுத்துண்டு போ. அவருக்கு மட்டும் குடுத்துட்டு நீ பட்டினி கெடக்காதே" என்று. அந்த ரசத்தை நாங்கள் இருவரும் ஒரே டம்ளரில் மாற்றி மாற்றிக் குடித்தோம். கல்யாணமான புதிதில்கூட அப்படிக் குடித்ததில்லை.

சோதனை முடிவு வர ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளும் பயந்தேன். இதை மறைக்க ஒன்றுமில்லை. செத்துப்போவதைவிட, செத்துப்போனால் கஸ்தூரிக்கு என்னைப் பற்றி எதுவுமே தெரியாதே என்றுதான் இருந்தது. இத்தனை வருடம் எங்கே இருந்தேன், என்ன செய்தேன் என்று ஒரு வரி அவளுக்குத் தெரியாது.

ஒன்பதாம் நாள் டாக்டர் வசந்தி வார்டுக்கு வேகமாக நடந்து வந்தார். கெட்ட செய்தி சொல்கிறவர்கள் அப்படி நடக்க மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது, சரியாகவே தோன்றியது. புற்றுநோய் இல்லை. காசநோயும் இல்லை. கல்நாரால் வந்த வெறும் நீர்தான். அந்த மாத்திரைகளை நிறுத்திவிடலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும், ஆயுசு முழுக்க.

"அம்மா மட்டும் அன்னிக்குப் பேசலன்னா இன்னும் மாத்திரை குடுத்துட்டே இருந்திருப்போம் ஐயா" என்றார்.

கஸ்தூரி பெருமையாக என்னைப் பார்த்தாள். நான் பாட்டிலைப் பார்த்தேன்.

வண்டியிலிருந்த துணியை எடுப்பது தனிக் கூத்து. உதறக் கூடாது, கிழிக்கக் கூடாது, எரிக்கக் கூடாது என்று டாக்டர் எழுதியே கொடுத்திருந்தார். மீனா முகக்கவசமும் கையுறையும் போட்டு, தண்ணீர் தெளித்து நனைத்து, இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு ஒட்டினாள். அதை யாரிடம் ஒப்படைப்பது என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் அலைந்தாள்.

பிறகு பன்னீருக்கு போன் செய்தேன். சலவைக்கூடம் என்ற சொல்லைக் கேட்டதும், "ராங் நம்பர்பா" என்று வைத்துவிட்டான். எனக்குக் கோபம் வரவில்லை. ஆறு வாரத்துக்கு முன்னால் நானும் அதையேதான் செய்திருப்பேன். கஸ்தூரியை அழைத்துக்கொண்டு ஆட்டோவில் நேராகக் குப்பத்துக்கே போனேன். வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் எங்களைப் பார்த்து எழுந்தான், எழும்போதே இருமினான். அவன் தளத்திலிருந்து கொண்டுவந்த துணியைப் படகு என்ஜினின் புகைக்குழாயில் சுற்றியிருந்தான்.

"இன்னா மச்சி, அத்தப் பத்தி பேசக்கூடாதுன்னு தெரியாதா?" என்றான் குரலைத் தாழ்த்தி.

"அண்ணே, நீங்க ஒண்ணும் பேச வாணாம்" என்றாள் கஸ்தூரி. "டாக்டராண்ட நான் பேசிக்கிறேன். நீங்க வந்து சட்டைய மட்டும் கழட்டுங்க."

வந்தான். அவனுக்கும் அதே வெள்ளைத் திட்டுகள், ஆனால் நீர் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இப்போது இருவரும் ஒரே நாளில் போகிறோம்.

கஸ்தூரி மறுபடி வண்டி போட்டுவிட்டாள். அடியில் பழைய கம்பளி, மேலே வெள்ளை வேட்டி. சாயங்காலம் நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருவேன். அவள் இஸ்திரி போட, நான் ஒரு நாளைக்கு ஒரு கட்டடம் சொல்வேன். ரொட்டிக் கூடத்தின் வாசனை, குளிர்கிடங்கில் தொங்கிய ஆடுகள், எண்ணெய்த் தொட்டிகளின் மேல் வந்து உட்கார்ந்த கடற்பறவைகள். போன வாரம் கட்டடங்கள் தீர்ந்துவிட்டன. அவள் ஒரு சட்டையின் கையை நீவிக்கொண்டே கேட்டாள்.

"அந்தச் சண்டை வந்த மாசம் ஒரு லெட்டர் போட்டியே. மேலயும் கீயயும் ஒரே கறுப்பு மை. நடுவுல 'நலம்'னு ஒரே ஒரு வார்த்தை. நீ லீவுக்கு வந்துட்டுப் போயி, மீனா அப்ப வவுத்துல. நான் எவ்ளோ அய்தேன் தெரியுமா? எம்மேல மனசு வுட்டுப் போச்சு இவுருக்குன்னு நெனச்சேன். அன்னிக்கு இன்னாதான்யா எய்தினே?"

சொன்னேன். சங்கு ஊதியது, விஷவாயு முகமூடியை மாட்டிக்கொண்டு கொதிகலன் பள்ளத்தில் இறங்கி உட்கார்ந்தோம், பன்னீர் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான், பிள்ளை முகத்தைப் பார்க்காமல் போய்விடுவேனோ என்று பயந்தேன், உன் பேரைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். இதைத்தான் எழுதினேன். இதைத்தான் அடித்துவிட்டார்கள்.

இஸ்திரிப் பெட்டி நின்றுவிட்டது. சட்டை கருகப்போகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அவளே அதை நிமிர்த்தி வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மீனாவாண்ட ஒரு நோட்டு வாங்கியாரச் சொல்றேன்" என்றாள். "எல்லாத்தயும் இப்ப எய்து. எவன் வந்து அடிக்கிறான்னு நான் பாத்துக்கிறேன்."